அது வேற குவாண்டம், மேடம்

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் வாசலில், பிரசவ வார்டுக்கு வழி காட்டும் அம்புக்குறிக்கு மேலே, 'குவாண்டம் பாதுகாப்பு பெற்ற மருத்துவமனை' என்று பொன்னிற எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். அது புதிதாக வந்த ஸ்கேன் என்று நினைத்த ஒரு பெரியவர், "அதுக்கு வெறும் வயித்தோட வரணுமா?" என்று ரிசப்ஷனில் கேட்டார். பலகையை மாட்டியவர்களைவிட அவர் ஒன்றும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொண்டுவிடவில்லை.

நான் அங்கே கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. வீடு அரியலூரில். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றபடி தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். அரியலூரிலும் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் இன்டர்நெட் வழியாகப் போய் வரும். அந்தப் போக்குவரத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஆஸ்பத்திரியை நடத்துகிறவர் பெரிய டாக்டரின் மருமகன். அவர் படித்தது வணிக நிர்வாகம். மேனேஜிங் டைரக்டர் என்பதால் எல்லோரும் எம்.டி. சார் என்போம். அதைக் கேட்டு அவரும் பெரிய படிப்புப் படித்த டாக்டர் என்று நம்பி வெளியூர்க்காரர்கள் நாக்கை நீட்டிக் காட்டியதுண்டு. அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணி நெறையக் குடிங்க" என்பார்.

குவாண்டம் விஷயத்தை அவரிடம் முதலில் கொண்டுபோனவள் நான்தான். அதற்குக் காரணம் ஒரு பெண். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டிக் கொடுக்கக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.

லப்பைக்குடிக்காட்டுப் பெண், என்னைவிடச் சின்னவள். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். கல்யாணமாகி வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. அவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது எங்கள் டாக்டரம்மா இருவருக்குமே பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட் வருவதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார். அதை ஆன்லைனில் திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுப்பதற்காக அவளை என்னிடம் அனுப்பினார்கள். டாக்டரம்மா ஏற்கனவே அவளிடம் விளக்கியிருந்தார். குறை அவளிடம் இல்லை.

பாஸ்வேர்டு போடக் கற்றுக்கொண்டதும் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"மேடம், இத வேற யாரும் பாக்க முடியாதுல்ல?"

"முடியாதும்மா. நீங்க பாக்கலாம், ஒங்க வூட்டுக்காரர் பாக்கலாம், டாக்டரம்மா பாக்கலாம். அவ்ளோதான்."

"எங்க மாமியா என்னையத்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க. சொல்லிட்டுப் போவட்டும், நான் தாங்கிக்குவேன். எங்க வூட்டுக்காரவங்கள யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லிட்டா அவங்க தாங்க மாட்டாங்க. அங்க தனியாக் கெடக்குறாங்க, பாவம்." போனை நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எத்தன வருசத்துக்கு இப்புடியே யாருக்கும் தெரியாம இருக்கும்?"

பாதுகாப்பு என்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்பது வைரஸ் வருமா, வராதா என்பதுதான். எத்தனை வருடத்துக்கு என்று யாரும் கேட்டதில்லை. என் தொழிலில் இப்போது உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட்டில் போகும் ரகசியங்களுக்கு நாம் போட்டிருக்கும் பூட்டு ஒரு கணக்கு. இரண்டு கம்ப்யூட்டர்கள், நடுவில் ஒட்டுக்கேட்கிறவனுக்குப் பிடிபடாமல், தங்களுக்குள் ஒரு சாவியைப் பேசி முடிவு செய்துகொள்கின்றன. இன்றைய கம்ப்யூட்டரை வைத்து அந்தச் சாவியைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஆயுள் போதாது. குவாண்டம் கம்ப்யூட்டர் வேறு விதமாகக் கணக்குப் போடும் இயந்திரம். அது போதிய அளவு பெரிதாக வளர்ந்தால் இந்தக் குறிப்பிட்ட கணக்கை உடைத்துவிடும். நமக்குத் தெரிந்தவரை, அவ்வளவு பெரியது இன்னும் யாரிடமும் இல்லை. ஆனால் பூட்டிய பெட்டியை இன்றைக்கே நகல் எடுத்து வைத்துக்கொண்டு, இயந்திரம் வந்த பிறகு சாவகாசமாகத் திறக்க ஒருவனால் முடியும். கார்டு நம்பராக இருந்தால் அதற்குள் காலாவதியாகிவிடும். ஒரு மனிதரின் உடம்பைப் பற்றிய ரகசியம் காலாவதியாவதில்லை.

இதற்காகவே, குவாண்டம் இயந்திரத்துக்கும் வழி தெரியாத வேறு வகைக் கணக்குகளில் புதுப் பூட்டுகளைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். நாம் அன்றாடம் திறக்கும் பிரவுசர்கள் பலவும் சத்தம் போடாமல் அதற்கு மாறிவிட்டன. எங்களுக்குப் பாக்கியிருந்தது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவிலான இணைப்பு. இரண்டு முனையிலும் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தால் தீர்ந்தது. ஒரு மத்தியான நேர வேலை. அந்த நேரத்துக்கு இணைப்பை நிறுத்திவைக்க அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

எம்.டி. சார் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏங்க மேடம், பாடாலூர்லேருந்து வர்றவரோட சுகர் ரிப்போர்ட்டத் திருடி எவன் என்ன பண்ணப் போறான்?"

"சுகர் ரிப்போர்ட் மட்டுமா சார் போவுது?"

"குவாண்டமெல்லாம் அமெரிக்காவுல இருக்கு. நாம பெரம்பலூர்ல இருக்கோம். வந்தா பாத்துக்கலாம்."

குவாண்டம் இயந்திரம் செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாக பஸ் பிடித்து வரும், நாலு ரோட்டில் இறங்கும்போது எதிர்கொண்டு பேசிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் வெளியே வந்துவிட்டேன்.

சில மாதங்கள் போயின. திருச்சியில் ஒரு பெரிய ஹோட்டலில் ஆஸ்பத்திரி முதலாளிகளுக்காக நடந்த கூட்டத்துக்கு அவர் போய் வந்தார். மறுநாள் காலையில் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். முகம் இருண்டிருந்தது.

"மேடம், குவாண்டம்னு ஒரு ஆபத்து வருது. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் நான் அதைச் சொன்னேன் என்பது அவருக்கு நினைவில் இல்லை. "சொல்லுங்க சார்" என்றேன். நான் சொன்னதை எனக்கே விளக்கினார். நடுவில் காந்த அலை வந்தது, டி.என்.ஏ. வந்தது, எதற்கென்று தெரியாமல் சீனாவும் வந்துபோனது. முடிவில், ஒரு கம்பெனியிடம் இதற்கு மருந்து இருக்கிறது என்றும், ஆளை வரச் சொல்லிவிட்டதாகவும் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆள் சென்னையிலிருந்து வந்தார். பங்குனி வெயிலில், பெரம்பலூரில், கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டு. கார் கதவைத் திறந்து இறங்கியதுமே வேர்வையில் நனைந்துவிட்டார். கோட்டைக் கழற்றினால் நம்பிக்கை போய்விடும் என்று யாரோ பயிற்சி கொடுத்திருப்பார்கள்போல. மேஜைமேல் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து ஸ்விட்சைப் போட்டார். முன்பக்கம் முழுவதும் நீல வெளிச்சம் அலையலையாக ஓடியது. எம்.டி. சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மிலிட்டரி கிரேடு சார். உலகத்துல எந்தக் குவாண்டம் கம்ப்யூட்டராலயும் இத உடைக்க முடியாது."

"உள்ள என்ன அல்காரிதம் போட்டிருக்கீங்க?" என்று நான் கேட்டேன்.

"அது ரகசியம் மேடம். வெளியில சொன்னா அப்புறம் பாதுகாப்பு என்ன இருக்கு?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

எங்கள் தொழிலில் இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலம் கிடையாது. நல்ல பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். உலகத்தில் உள்ள கணித மேதைகளெல்லாம் அதை உடைக்கப் பார்த்துத் தோற்றிருப்பார்கள். சாவிதான் ரகசியம். பூட்டே ரகசியம் என்று ஒருவர் சொன்னால் அங்கே பூட்டு இல்லை என்று அர்த்தம். அவர் போனதும் இதை எம்.டி. சாரிடம் சொன்னேன்.

"அவங்க கம்பெனி ரகசியத்த ஒங்ககிட்ட எதுக்குங்க சொல்லணும்?" என்றார். கொஞ்சம் தணிந்து, "ஒங்களுக்கு இதுல கொஞ்சம் வருத்தம் இருக்கும். புரியுது. நீங்க சொல்றதுக்குள்ள நானே கண்டுபிடிச்சிட்டேன்ல?" என்றார்.

பதில் வாய்வரை வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வளர்பிறையில் நாள் பார்த்துத் திறப்பு விழா வைத்தார்கள். சர்வர் அறையில் பத்துப் பேர் நிற்க முடியாது. முப்பது பேர் நின்றோம். பெரிய டாக்டர் ரிப்பன் வெட்டினார். யாரோ பெட்டிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். காற்றுப் போக விட்டிருந்த துளைகள் எல்லாம் சந்தனத்தால் அடைத்துக்கொண்டதை நான் பிற்பாடு பல்குச்சியால் குத்தி எடுத்தேன். சூடத்தட்டைப் பெட்டிக்கு நேராகக் காட்டியபோது விற்பனையாளரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருடைய தயாரிப்பின்மேல் அவருக்கிருந்த ஒரே உண்மையான நம்பிக்கை அதுவாகத்தான் இருக்கும். விழா முடிந்து, ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய டெக்னீஷியன் வந்து, வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் கேபிளைப் பெட்டி வழியாகத் திருப்பிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை நான் உள்ளே நுழையும்போதே சத்தம். லேபில் ரிப்போர்ட் திறக்கவில்லை. பார்மசியில் ஆர்டர் போகவில்லை. டாக்டர்களின் அறைகளில் ஒரு வெப்சைட்டும் வரவில்லை, சக்கரம் மட்டும் சுற்றியது. ரிசப்ஷனில் இருந்த கம்ப்யூட்டர் ஒன்றுதான் வேலை செய்தது. அது ஆஸ்பத்திரியிலேயே பழையது. மாற்றித் தரும்படி நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனது. பல வருடங்களாக எந்த அப்டேட்டும் ஏறாதது. அதன் முன்னால் நர்சுகளும் லேப்காரர்களும் வரிசை கட்டி நின்றார்கள்.

அன்றைக்குப் பார்த்து லப்பைக்குடிக்காட்டுப் பெண் வந்திருந்தாள். அவள் கணவரோடு டாக்டரம்மா, ரிப்போர்ட்டைத் திரையில் காட்டி, தன் கம்ப்யூட்டரிலிருந்து வீடியோவில் பேச ஏற்பாடாகியிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு அவர் மனைவியிடமே சரியாகப் பேசுவதில்லை, வைத்தியம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பல நாள் கெஞ்சித்தான் இதற்குச் சம்மதித்தார் என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தார். அங்கே வளைகுடாவில் கணவர் ஃபோர்மனிடம் அனுமதி கேட்டுவிட்டு, காலியாக இருந்த ஒரு ஸ்டோர் ரூமில் போனோடு காத்திருந்தார். இங்கே டாக்டரம்மாவின் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

எம்.டி. சார் வந்து பார்த்தார். அவர் முடிவெடுக்கத் தயங்காதவர். "ரிசப்ஷன் சிஸ்டம் ஓடுதுல்ல? அங்க உக்காந்து பேசச் சொல்லுங்க."

ரிசப்ஷனில் அப்போது உட்கார இடமில்லாத கூட்டம். அவள் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அங்க எங்க தெருக்காரவங்க ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க மேடம்" என்று என் கையைப் பிடித்தாள். "அல்லாவுக்காக, அங்க வேணாம். நான் வூட்டுக்குப் போயிடுறேன். அவங்க இன்னொரு தடவ ஒத்துக்க மாட்டாங்க. பரவால்ல, போயிடுறேன்."

"ரெண்டு நிமிசம் இருங்கம்மா. போயிடாதீங்க" என்று டாக்டரம்மாவின் அறையிலேயே அவளை உட்கார வைத்துவிட்டு சர்வர் அறைக்கு ஓடினேன்.

என்ன நடக்கிறது என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பிரவுசர் ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போது முதலில் ஒரு வணக்கம் சொல்லும். புதுப் பூட்டின் சாவித் துண்டு பெரியது. அதையும் சேர்த்துச் சொல்லும் வணக்கம் ஒரு தகவல் பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் பிரிந்து போகும். எங்கள் பெட்டிக்கோ ஒற்றைப் பாக்கெட்டில் வரும் பழங்கால வணக்கம்தான் தெரியும். இரண்டாக வந்ததை ஏதோ கோளாறு என்று நினைத்துக் கீழே போட்டுவிட்டது. ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்குப் புதுப் பூட்டே தெரியாததால் அது சொன்ன வணக்கம் மட்டும் தாராளமாக உள்ளே போய் வந்தது. குவாண்டமிலிருந்து எங்களைக் காப்பாற்ற வந்த பெட்டி, ஏற்கனவே குவாண்டமிலிருந்து காப்பாற்றப்பட்ட இணைப்புகளைத் தேடித் தேடி வெட்டிவிட்டு, காப்பாற்றப்படாத ஒன்றை மட்டும் மரியாதையோடு வழியனுப்பி வைத்துக்கொண்டிருந்தது.

விற்பனையாளருக்குப் போன் போட்டேன். காரில் போய்க்கொண்டிருந்தார்.

"தெரிஞ்ச விஷயம்தான் மேடம். எல்லாக் கிளையன்ட்கிட்டயும் வருது. சிம்பிள். ஒங்க பிரவுசர்ல ஒரு செட்டிங் இருக்கு, அத மட்டும் ஆஃப் பண்ணிடுங்க. பெட்டி ஜம்முன்னு ஓடும். மெசேஜ் அனுப்புறேன்."

"மெசேஜ் வேணாம் சார். அந்த செட்டிங் பேர நீங்களே வாய்விட்டுப் படிங்க."

"என்னமோ போட்டிருக்கே... இருங்க. போஸ்ட்... போஸ்ட் குவாண்டம் கீ..." அதோடு நின்றார்.

"படிங்க சார்."

"போஸ்ட் குவாண்டம் கீ அக்ரிமென்ட்."

"குவாண்டம் பாதுகாப்பு வேணும்னா, குவாண்டம் பாதுகாப்ப ஆஃப் பண்ணணும். அப்டித்தானே?"

பின்னால் லாரி ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது. "அது வேற குவாண்டம், மேடம். இது நம்ம குவாண்டம்."

அப்படியே போனை வைத்துவிட்டேன். பெட்டிக்குள் போன கேபிளையும் வெளியே வந்த கேபிளையும் உருவி, நேராக ஒன்றோடொன்று இணைத்தேன். பெட்டிக்கு மின்சாரம் மட்டும் மிச்சமிருந்தது. திரும்பி ஓடினேன். டாக்டரம்மாவின் திரையில் அந்த மனிதர் தெரிந்தார். பின்னால் சிமென்ட் மூட்டைகள், மடியில் கை, தலையில் மஞ்சள் ஹெல்மெட். கழற்ற மறந்திருப்பார். அவர் யார் முகத்தையும் பார்க்காமல், "சலாம் டாக்டர்" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, யாரும் உள்ளே போகாதபடி கதவுக்கு முன்னால் நின்றேன். அந்த ஆஸ்பத்திரியில் அன்று வேலை செய்த ஒரே பாதுகாப்பு அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

அவள் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. "மருந்து சாப்புடுறேன்னுட்டாங்க மேடம்" என்றாள். "என்கிட்டயும் பேசினாங்க. ஹெல்மெட்டக் கழட்டுங்கன்னேன். சிரிச்சிட்டாங்க." ரிசப்ஷன் கூட்டத்தைத் தாண்டி, தெருக்காரர்களிடம், "காய்ச்சல், அதான் வந்தேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவள் போவதைப் பார்த்தேன்.

எல்லாக் கம்ப்யூட்டரும் ஓட ஆரம்பித்ததும் எம்.டி. சார் சர்வர் அறைக்கு வந்தார். பெட்டி நீலமாக மின்னியது.

"பாத்தீங்களா? புது மிஷின், கொஞ்சம் டைம் குடுத்தா அதுவே செட்டாயிடும். நீங்கதான் பதட்டப்படுறீங்க."

"சார், அதுல இப்ப ஒரு கேபிளும் இல்ல. கழட்டிட்டேன். அது இருந்ததுனாலதான் எதுவும் ஓடல."

அவர் குனிந்து பின்பக்கம் பார்த்தார். கேபிள் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது. நிமிர்ந்தார்.

"லைட் எரியுதுல்ல?"

"எரியுது சார்."

"அப்ப விடுங்க. வெளியில சொல்லிக்க வேணாம்."

அவர் அத்தனை அமைதியாகச் சொன்னதால், அவருக்கு இது புரியவில்லை என்று இனிமேல் என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்துகொண்டேன். முட்டாள்தனத்தைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இது அதைவிடச் சௌகரியமான ஒன்று. அடுத்த வாரம் பலகை வந்தது. அதற்கடுத்து ஒரு காலேஜில் அவர் குவாண்டம் யுகத்தில் மருத்துவம் என்று பேசினார். மாணவர்கள் கைதட்டும் வீடியோவை ஸ்டாஃப் குரூப்பில் போட்டார். எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டார்கள். பெரிய டாக்டர் மட்டும் எதுவும் போடவில்லை. அவர் மருமகனை அறிந்தவர்.

சூடு ஆறுவதற்குள் நான் மறுபடி அவர் அறைக்குப் போனேன். பெரம்பலூர்–அரியலூர் இணைப்பைப் புதுப்பிக்க ஒரு மத்தியானம் கேட்டேன். இப்போது அவரால் மறுக்க முடியாது. ஊரெல்லாம் பேசிவிட்டு வந்திருந்தார்.

"இதுக்கு என்ன செலவாகும்?"

"செலவு இல்ல சார். ஃப்ரீ."

முகம் சுருங்கியது. "ஃப்ரீன்னா தரம் இருக்காதே மேடம்."

"அந்தப் பெட்டியில இருக்கறதுக்குக் கொறையாம இருக்கும் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "செய்ங்க" என்றார்.

ஓ.பி. முடிந்த ஒரு மத்தியானத்தில் இரண்டு முனையிலும் வேலையை முடித்தேன். புதுப் பூட்டு விழுந்ததா என்று சோதித்தேன். விழுந்திருந்தது. ரிப்பன் இல்லை, சூடம் இல்லை. சர்வர் அறையில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசாதத்தைத் தின்றேன். இதற்கு முன்னால் அந்த வழியில் போனவற்றை யாராவது நகல் எடுத்து வைத்திருந்தால் அவற்றுக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பரிகாசத்துக்குச் செலவழித்த மாதங்களின் விலை அது. அதை எந்தப் பலகையிலும் எழுத மாட்டார்கள்.

இந்த வருடம் அரியலூர்க் கிளைக்கும் ஒரு பெட்டி வாங்கினார்கள். கோட்டுக்காரரே வந்தார். இந்த முறை டெக்னீஷியனை அழைத்து வரவில்லை. "மேடமே மாட்டிடுவாங்க" என்று என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். நான் பெட்டியை அலமாரியில் தூக்கி வைத்து, மின்சாரக் கம்பியை மட்டும் செருகினேன். இந்தப் பெட்டியில் வெளிச்சம் பச்சை. எல்லோரும் கைதட்டினார்கள்.